தரைக்கடையும் தருணமும்: காந்தி மார்க்கெட், கேமரா, திருட்டுப் பார்வை குறித்துச் சில குறிப்புகள்

1

திருச்சி காந்தி மார்க்கெட்டில் விடியற்காலை நாலு மணிக்குக் கேமராவோடு நிற்கிற எவரும் மூன்று கேள்விகளைச் சந்தித்தாக வேண்டும். முதல் கேள்வி: "எந்தப் பேப்பரு?" பேப்பர் இல்லை என்றால் இரண்டாவது: "கார்ப்பரேசனா?" அதுவும் இல்லை என்றால் மூன்றாவது: "அப்ப எதுக்கு?"

இந்த மூன்றாவது கேள்விக்குப் புகைப்படக்காரர்களிடம் நேரான பதில் கிடையாது. 'தெருப் புகைப்படக் கலை' என்று சொல்லலாம். கூறு கட்டி வெங்காயம் விற்கிற அம்மாவுக்கு அது பதிலாகாது. முதல் இரண்டு கேள்விகளில் ஒரு கறாரான அரசியல் அறிவு இருக்கிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். படம் என்பது ஒன்று செய்தியாகும், இல்லையென்றால் ஆக்கிரமிப்பு அகற்றும் நோட்டீசாகும். இரண்டுக்கும் வெளியே ஒருத்தன் எதற்காகத் தன் முகத்தை எடுத்துப் போக வேண்டும் என்று அவர் கேட்கிறார். இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது கேள்வியை வைத்துக்கொண்டு கேமராவின் வரலாற்றைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கும் முயற்சி.

தெருப் புகைப்படத்தின் உயிர்நாடி என்று சொல்லப்படுவது 'கேண்டிட்'. எடுக்கப்படுபவருக்குத் தெரியாமல், அவர் முகத்தைத் திருத்திக்கொள்வதற்குள் எடுத்துவிடுவது. ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு ஒளிவுமறைவு இல்லாத, வெளிப்படையான என்று அர்த்தம். நடைமுறையிலோ ஒளிந்து நின்று எடுப்பதற்குப் பெயர் இது. யாருடைய ஒளிவுமறைவின்மை? எடுக்கப்படுபவருடையது. எடுப்பவனுக்கு அந்த நிபந்தனை இல்லை. சொல்லுக்குள்ளேயே ஒரு அதிகார உறவு உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் தொடக்கம் இப்படி இல்லை. 1920களின் கடைசியில் ஜெர்மனியில் எரிக் சாலமன் என்பவர் எர்மனாக்ஸ் என்ற சிறிய கேமராவைத் தொப்பிக்குள் மறைத்துக் கொலைவழக்கு நடக்கிற நீதிமன்றத்துக்குள் கொண்டுபோனார். பிறகு ராஜதந்திரிகளின் மாநாடுகளுக்குள் நுழைந்தார். நள்ளிரவுப் பேச்சுவார்த்தையில் தூங்கி வழிகிற மந்திரிகளை எடுத்தார். 'கேண்டிட் கேமரா' என்ற பெயர் இவருடைய படங்களை ஒட்டித்தான் பரவியது. ஆக இந்த உத்தி பிறந்தது அதிகாரத்தை அதன் மூடிய அறைக்குள் போய்ப் பார்ப்பதற்கு. சாலமன் யூதர், 1944இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அவர் விட்டுப்போன கேமரா மாநாட்டு அறையிலிருந்து தெருவுக்கு வந்தது. மந்திரிமார் மேலிருந்த அதன் பார்வை தரைக்கடைக்காரர் மேல் திரும்பியது. எப்படித் திரும்பியது என்பதுதான் இங்கே பிரச்சினை.

2

திருச்சியின் ஆரம்பகாலப் புகைப்படங்களில் தெரு இருக்கிறது, மனிதர்கள் அநேகமாக இல்லை. 1858இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லீனியஸ் ட்ரைப் மலைக்கோட்டையையும் ஸ்ரீரங்கத்தையும் மதுரையையும் தஞ்சையையும் படம் எடுத்தார். மெழுகு தோய்த்த காகித நெகடிவ். நீண்ட நேரம் மூடியைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் நடந்து போனவர், மூட்டை தூக்கிப் போனவர், விற்றவர், வாங்கியவர் யாரும் பதிவாக மாட்டார்கள். நின்றது மட்டும் பதியும்: கோபுரம், பாறை, மதில். அசைந்தவர் அழிந்துபோனார்.

இதைத் தொழில்நுட்பக் குறைபாடு என்று சொல்லித் தாண்டிவிட முடியும். வால்டர் பெஞ்சமின், பாரிஸின் வெறும் தெருக்களை எடுத்த அட்ஜேயின் படங்களைப் பற்றி 1931இல் எழுதும்போது அவை குற்றம் நடந்த இடத்தின் படங்களைப் போல இருப்பதாகச் சொன்னார். ட்ரைப் வந்தது 1857க்கு அடுத்த வருஷம். கும்பினி ஆட்சி முடிந்து ராணியின் ஆட்சி வருகிற வருஷம். அரசுக்கு அப்போது வேண்டியிருந்தது ஜனங்கள் இல்லாத நிலம், நினைவுச்சின்னமாகிவிட்ட ஊர். கேமராவின் குறைபாடும் அரசின் ஆசையும் அங்கே ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. இந்தச் செலவெல்லாம் தேவையில்லை என்று கவர்னர் ட்ரெவெலியன் 1860 வாக்கில் அந்தப் பதவியையே முடித்துவைத்தார். அது வேறு கதை.

இதற்கு அடுத்த கட்டம் பயங்கரமானது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், சென்னைப் படையைச் சேர்ந்த வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற அதிகாரி பட்டினி கிடந்தவர்களைக் கூட்டம் கூட்டமாக உட்காரவைத்துப் படம் எடுத்தார். எலும்பு தெரிகிற உடல்கள் குட்டையாய் நெட்டையாய் வரிசைப்படுத்தப்பட்டிருக்கும், குடும்பப் படம் மாதிரி. கேமராவின் முன் நகராமல் இருக்க வேண்டும் என்கிற விதி அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. நகர வலுவிருந்தால்தானே. இதே ஹூப்பர் 1886 ஜனவரியில் மாண்டலேயில் பர்மியக் கைதிகள் சுட்டுக் கொல்லப்படும்போது கேமராவை நிறுத்திவைத்தார். குண்டு உடம்பில் படுகிற அந்த நொடியைப் பிடிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். தண்டனையை நிறைவேற்றும் பொறுப்பும் அவருடையது, படமும் அவருடையது. லண்டன் வரை பிரச்சினை போய், கண்டனத்துக்கு ஆளானார்.

புகைப்படக் கலையின் வரலாற்று நூல்கள் 'தருணம்' என்பதை 1930களின் பாரிஸில் தொடங்குகின்றன. நம் பக்கத்திலிருந்து எழுதினால் அதை மாண்டலேயில் தொடங்க வேண்டியிருக்கும். கேமரா ஒரு நொடிக்காகக் காத்திருப்பது என்பது, அந்த நொடியில் யாருக்கு என்ன நடக்கிறது என்ற கேள்வியிலிருந்து பிரிக்க முடியாதது.

3

இப்போது கார்ட்டியே பிரெஸ்ஸானுக்கு வருவோம். தெருவில் கேமராவோடு நடக்கிற எல்லோருக்கும், அவர்கள் பெயரைக் கேள்விப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், அவர்தான் குரு. லைக்கா கேமரா, ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ். பளபளப்பு தெரியாமல் உலோகப் பாகங்களின் மேல் கறுப்பு டேப். ஃப்ளாஷ் கிடையாது. எடுத்த சட்டத்தைப் பிறகு வெட்டக் கூடாது. யாரையும் நிறுத்திவைத்து எடுக்கக் கூடாது. இது ஒரு அழகியல் மட்டுமல்ல, கிட்டத்தட்ட ஆசார ஒழுக்கம். (1932இல் பாரிஸ் ஸேன்-லஸார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரைத் தாண்டுகிற மனிதனை எடுத்த அந்தப் பேர்பெற்ற படமே வெட்டப்பட்டதுதான் என்பதைச் சீடர்கள் மெதுவான குரலில் சொல்வார்கள்.) உலகத்தையெல்லாம் எடுத்த இந்த மனிதர் தன்னைப் படம் எடுக்க எளிதில் சம்மதித்ததில்லை. கேமராவைக் கண்டால் முகத்தை மறைத்துக்கொள்வார். தெருவில் தன்னைத் தெரிந்துவிட்டால் தொழில் கெட்டுவிடும் என்பது காரணம். முகம் தெரியாமல் இருப்பது ஒரு சலுகை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

1952இல் வெளியான அவருடைய புத்தகத்துக்கு ஆங்கிலத்தில் 'தீர்மானகரமான தருணம்' என்று பெயர். பதினேழாம் நூற்றாண்டுப் பாதிரியார் கார்டினல் ரெட்ஸின் வாசகத்திலிருந்து எடுத்தது. உலகம் முழுக்க இந்தப் பெயர்தான் தத்துவமாகப் பரவியது. ஆனால் பிரெஞ்சு மூலத்தின் தலைப்பு வேறு: 'இமாழ் அ லா ஸொவெத்'. இந்தத் தொடரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 'அ லா ஸொவெத்' என்றால் அவசர அவசரமாக, ஓடுகிற ஓட்டத்தில் என்று அர்த்தம். இதே தொடரை விற்பனையோடு சேர்த்துச் சொன்னால் லைசென்ஸ் இல்லாமல் தெருவில் கடை போடுவது. போலீஸ் தலை தெரிந்தால் நாலு மூலையையும் சேர்த்துப் பிடித்து மூட்டை கட்டிக்கொண்டு ஓடுகிற வியாபாரம். பிரெஞ்சுச் சட்டத்தில் அது குற்றத்தின் பெயர்.

அதாவது தெருப் புகைப்படத்தின் வேதப் புத்தகம் தன் பெயரைத் தரைக்கடைக்காரரிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறது. புகைப்படக்காரன் தன்னை யாராகக் கற்பனை செய்துகொண்டான் என்றால், தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிற வியாபாரியாக. பிரெஸ்ஸானுக்கு இதில் சொந்த நியாயம் உண்டு. போர்க்கைதியாக இருந்து, மூன்றாவது முயற்சியில் 1943இல் தப்பி ஓடியவர் அவர். ஆனால் ஆங்கிலத்துக்குப் போகும்போது ஓடியவர் காணாமல் போய், கார்டினல் வந்து உட்கார்ந்துகொண்டார். தெருவின் பயம் அழிந்து 'தருணத்தின்' கம்பீரம் வந்தது. நம் ஊர்க்காரர்கள் படித்ததெல்லாம் இந்த ஆங்கிலப் பதிப்பின் வழியாகத்தான்.

4

பிரெஸ்ஸான் இந்தியாவுக்கு முதலில் வந்தது 1947இல். மாக்னம் நிறுவனம் தொடங்கப்பட்ட வருஷம். 1948 ஜனவரி 30 பிற்பகல் பிர்லா மாளிகையில் காந்தியைச் சந்தித்துத் தன் கண்காட்சிப் புத்தகத்தைக் காட்டினார். அவர் வெளியே வந்து ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை, காந்தி சுடப்பட்டார். 'தீர்மானகரமான தருணத்தின்' ஆசான், இருபதாம் நூற்றாண்டு இந்தியாவின் அந்தத் தருணத்தைத் தவறவிட்டார். அன்றிரவு அவர் எடுத்தது வாசற்கதவின் மேல் ஏறி நின்று நேரு சாவுச் செய்தியைச் சொல்வது. படம் தெளிவில்லை, கலங்கியிருக்கிறது. அந்தக் கலக்கம்தான் அந்தப் படத்தின் உண்மை என்று எனக்குத் தோன்றுகிறது.

1950இல் தமிழ்நாட்டுக்கு வந்தார். பாண்டிச்சேரியில் அரவிந்தரை எடுத்தார். ஏப்ரல் 14 இரவு திருவண்ணாமலையில் ரமணர் இறந்தபோது அங்கே இருந்தார். வானத்தில் ஒரு ஒளிக்கோடு நகர்ந்ததைத் தான் பார்த்ததாகவும் அப்போது மணி 8.47 என்றும் பிறகு சொன்னார். கடிகாரத்தைப் பார்த்தவர் கேமராவை எடுக்கவில்லை. ஆக மறுபடியும் ஒரு தருணம் படமாகாமல் போனது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர் எல்லாவற்றையும் எடுத்தே தீருகிற ஆள் இல்லை என்பதற்கு இது சாட்சி.

ஆனால் அதே 1950இல் மதுரையில் எடுத்த ஒரு படம் இருக்கிறது. பட்டினியில் எலும்பாகிப்போன குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு தாய். பக்கத்தில் பெரிய மரச்சக்கரம். சக்கரத்தின் ஆரங்களும் குழந்தையின் விலா எலும்புகளும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வது போலச் சட்டத்துக்குள் அமைந்திருக்கின்றன. வடிவ அமைதி என்று சொல்வார்களே, அது. ஹூப்பர் பட்டினியை வரிசையில் உட்காரவைத்தார், பிரெஸ்ஸான் பட்டினிக்கு வடிவம் கண்டுபிடித்தார். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. பிரெஸ்ஸான் படத்தில் பார்க்கிறவனின் நெஞ்சு கலங்குகிறது. ஆனால் கலங்கிக்கொண்டே அவன் 'என்ன கம்போசிஷன்' என்றும் சொல்லிவிடுகிறான். நம்மை அப்படிச் சொல்லவைப்பது எது? அந்தத் தாய்க்குப் பெயர் இல்லை. ஊர்ப்பெயரும் வருஷமும் உண்டு.

இதே காலத்தில் வேறொரு கேமராவும் வேலை செய்தது. சுனில் ஜானா கம்யூனிஸ்ட் கட்சியின் 'பீப்பிள்ஸ் வார்' பத்திரிகைக்காக, பி.சி. ஜோஷியோடும் ஓவியர் சித்தப்பிரசாதோடும் 1943 வங்கப் பஞ்சத்துக்குள் போனார். அந்தப் படங்கள் அஞ்சல் அட்டைகளாக, பத்திரிகைப் பக்கங்களாக, நிவாரண நிதி திரட்டுகிற காகிதங்களாகச் சுற்றின. எதற்கு எடுத்தோம் என்ற கேள்விக்கு அங்கே பதில் இருந்தது. "எந்தப் பேப்பரு?" என்றால் பேப்பரைக் காட்டலாம். கட்சிக்குள் அந்த உறவும் நீடிக்கவில்லை, ஜோஷி ஓரங்கட்டப்பட்டபோது ஜானாவும் ஒதுங்கிப்போனார். இந்தியத் தெருப் புகைப்படத்தின் பரம்பரை எழுதப்படும்போது முதலாவதாக வருவது பிரெஸ்ஸான்தான், ஜானா கடைசி வரிசையில் நிற்கிறார். இது தற்செயல் இல்லை.

5

பிரெஸ்ஸானிடமிருந்து கிளைத்தவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சத்யஜித் ராயும் சுப்ரதா மித்ராவும் இருக்கிற வெளிச்சத்திலேயே படமெடுப்பது என்பதை அவரிடமிருந்துதான் பெற்றார்கள். பிரெஸ்ஸானின் இந்தியப் படங்களின் 1987ஆம் வருஷத் தொகுப்புக்கு ராயே முன்னுரை எழுதினார். ரகு ராயை 1977இல் மாக்னமுக்குப் பரிந்துரைத்தவர் பிரெஸ்ஸான். இவர்களில் நமக்கு முக்கியமானவர் ரகுபீர் சிங். 1966இல் ஜெய்ப்பூரில் பிரெஸ்ஸான் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். நடக்கிற விதம், காத்திருக்கிற விதம், சட்டத்தை நிரப்புகிற விதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, குருவுக்குப் பிடிக்காத ஒன்றைச் செய்தார்: வண்ணம். கறுப்பு-வெள்ளை என்பது மேற்கின் குற்றவுணர்வுக்கும் தனிமைக்கும் உரியது, இந்தியாவின் கண் வண்ணத்தில் பார்க்கிறது என்பது அவர் வாதம். 1996இல் 'தமிழ்நாடு' என்றே ஒரு புத்தகம் கொண்டுவந்தார். 1999இல் இறந்தார்.

குருவின் பாணியை எடுத்துக்கொண்டே குருவை மறுப்பது என்பதில் ரகுபீர் சிங்கிடம் கற்றுக்கொள்ள இருக்கிறது. ஆனால் 'இந்தியக் கண்' என்று ஒன்று உண்டா? தமிழ்நாட்டுத் தெருவில் நிறம் என்பது ரசனை சமாச்சாரம் மட்டும் இல்லை. கறுப்பும் சிவப்பும் கட்சிக்கொடி, நீலம் ஒரு கொடி, காவி ஒரு கொடி. எந்தத் தெருவில் எந்தக் கொடிக்கம்பம் நடலாம் என்பதற்கு வெட்டுக்குத்து நடக்கிற ஊர் இது. இதையெல்லாம் 'வண்ணமயமான இந்தியா' என்று ஒரே தட்டில் வைத்துவிட்டால் அது சுற்றுலாத் துறையின் காலண்டருக்குப் போய்ச் சேரும். போயும் சேர்ந்தது.

பாணி எப்படிக் கீழே இறங்கி வந்தது என்பதற்கு ஒரு பொருளாதாரமும் உண்டு. லைக்கா நமக்குக் கண்ணில் பார்க்கக் கிடைக்காத பொருள். நம் ஆட்கள் கையில் இருந்தது அக்ஃபா கிளிக், பிறகு ரஷ்யாவின் ஜெனித், யாஷிகா. ஊட்டி ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' ஃபிலிம். ஒரு ரோலில் முப்பத்தாறு படம், கழுவுகிற காசு வேறு. காத்திருப்பது என்பது அழகியலுக்கு முன்னால் சிக்கனமாக இருந்தது. டிஜிட்டலும் செல்போனும் வந்த பிறகு அந்தச் சிக்கனம் போய்விட்டது, காத்திருப்பு மட்டும் பாவனையாக மிஞ்சியது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பத்து இருபது பேராகக் கிளம்பிக் கோயம்பேடு, காசிமேடு, காந்தி மார்க்கெட் என்று போகிற 'போட்டோ வாக்' இப்போது எல்லா ஊரிலும் உண்டு. எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், நல்ல பிள்ளைகள். அவர்களை நக்கலடிப்பது என் நோக்கமில்லை. அவர்கள் நின்று எடுக்கிற இடங்களின் வரைபடத்தைப் பாருங்கள் என்கிறேன்: மீன் மார்க்கெட், காய்கறி மார்க்கெட், குப்பம், சுடுகாடு, திருவிழா. அக்ரகாரத்து வீட்டுக் கூடத்திலோ, நகைக்கடை முதலாளியின் அறையிலோ, அப்பார்ட்மெண்ட் லிஃப்டிலோ யாரும் தெரியாமல் படம் எடுப்பதில்லை. எடுத்தால் போலீஸ் வரும். 'பொது இடம்' என்று நாம் சொல்வது யார் வீட்டுக்குக் கதவு இல்லையோ அவருடைய இடத்தை.

6

காந்தி மார்க்கெட்டுக்குத் திரும்புவோம். 1868இல் ஏற்பட்டு, 1927இல் விரிவாக்கப்பட்ட மார்க்கெட் இது. வாசலில் முதல் உலகப் போருக்குப் போனவர்களின் நினைவு மணிக்கூண்டு. ராத்திரி பத்து மணிக்கு மேல் லாரிகள் வந்து நிற்கும். கமிஷன் மண்டிகளில் விடிய விடிய மொத்த வியாபாரம். லோடுமேன்கள் தலையில் சும்மாடு, கையில் கொக்கி. விடிந்த பிறகு சில்லறை. மதிலுக்குள்ளே கடை எண் உள்ளவர்கள், மதிலுக்கு வெளியே சாக்கை விரித்த தரைக்கடைக்காரர்கள், அதற்கும் வெளியே தள்ளுவண்டி. தரைக்கடைக்காரர்களில் பெரும்பாலோர் பெண்கள். காலையில் தண்டல் வாங்கி மண்டியில் சரக்கு எடுத்து, சாயங்காலத்துக்குள் விற்று, வட்டியோடு திருப்பிக் கொடுக்கிற கணக்கு. உள்ளே இருக்கிறவருக்கு வாடகை ரசீது உண்டு. வெளியே இருக்கிறவருக்குத் தரை வசூல் சீட்டு, அதுவும் கிழிந்துபோகிற காகிதம்.

இங்கே கேமரா தெரிந்ததும் நடப்பது என்ன? 'கேண்டிட்' சித்தாந்தம் எதிர்பார்க்கிற மாதிரி ஜனங்கள் இயல்பாக வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. "அண்ணே, என்னையும் ஒண்ணு எடுங்க" என்று லோடுமேன் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கையைக் கட்டி நேராக நிற்கிறார். பூக்கார அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு பக்கத்துக் கடைக்காரியையும் இழுத்து நிறுத்துகிறார். முகத்தில் இருந்த சிரிப்பு போய் ஒரு இறுக்கம் வந்துவிடுகிறது. புகைப்படக்காரர் மரியாதைக்கு ஒன்று எடுப்பார். வீட்டுக்குப் போனதும் முதலில் அழிப்பது அதைத்தான். 'போஸ் கொடுத்துட்டாங்க, கெட்டுப் போச்சு.'

என்ன கெட்டுப்போனது? தமிழ்நாட்டில் ஸ்டூடியோ புகைப்படத்துக்கு நூறு வருஷத்துக்கு மேலான வரலாறு இருக்கிறது. பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் போன்றவை இந்தப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடிச் சேகரித்திருக்கின்றன. நாற்காலி, தூண், பூந்தொட்டி, பின்னால் எழுதிய திரை. இரவல் கோட்டு, கைக்கடிகாரம். நேராகப் பார்த்து, விறைப்பாக. மேல்சாதிக்காரன் எதிரே துண்டை இடுப்பில் கட்டிக் குனிந்து நிற்க வேண்டியிருந்தவன் கேமராவுக்கு எதிரேதான் முதல்தடவையாக நிமிர்ந்து நேராகப் பார்த்தான். அந்த விறைப்பைச் செயற்கை என்று சொல்வது வரலாறு தெரியாத பேச்சு. அது தன்னைத் தானே உருவாக்கிக்கொள்கிற ஒரு தன்னிலையின் அறிவிப்பு. நான் எப்படித் தெரிய வேண்டும் என்பதை நான் தீர்மானிக்கிறேன் என்று அந்த உடல் சொல்கிறது. 'இயல்பாக' இருக்கச் சொல்வது, குனிந்து மூட்டை தூக்கும்போது எப்படி இருந்தாயோ அப்படியே இரு, அதுதான் உன் உண்மை என்று சொல்வது. தருணத்தைத் தீர்மானிப்பவன் யார் என்பதுதான் போஸுக்கும் கேண்டிடுக்கும் நடுவே உள்ள சண்டை.

இதனால் கேண்டிட் படங்களே கூடாது என்று முடிவுகட்ட முடியாது. முன் அனுமதி வாங்கித்தான் எடுக்க வேண்டும் என்றால் தடியடியை எடுக்க முடியாது, கடையை அள்ளி லாரியில் போடுவதை எடுக்க முடியாது. மலக்குழியில் இறங்கவைக்கப்படும் தொழிலாளர்களை எடுத்த மதுரை பழனிகுமாரின் படங்களை நினைத்துக்கொள்ளலாம். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்தில் வேலை செய்தவர். அந்தக் குடும்பங்களோடேயே தொடர்ந்து இருப்பவர். அவரிடம் மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. எதற்கு என்பது இரண்டு தரப்புக்கும் தெரிந்திருக்கிறது.

7

தரைக்கடைக்கார அம்மாவை இன்றைக்கு மூன்று விதமான படங்களில் பார்க்கலாம். ஒன்று, கார்ப்பரேஷன் ஆக்கிரமிப்பு என்று எடுக்கிற படம். அதில் அவர் இடைஞ்சல். இரண்டு, தெருவோர வியாபாரிகள் சட்டத்தின் கீழ் கணக்கெடுத்துக் கொடுக்கிற அடையாள அட்டைப் படம். நேராகப் பார்க்கிற முகம், ஸ்டூடியோ விறைப்பின் வாரிசு. அதில் அவர் உரிமையுள்ளவர். மூன்று, கலைப்படம். அதில் அவர் ஒளியும் நிழலும், தலைப்பு 'காய்கறி விற்கும் பெண், திருச்சி'.

தெருவில் வியாபாரம் செய்வது தொழில் செய்யும் அடிப்படை உரிமைக்குள் வரும், நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் சோதான் சிங் வழக்கில் 1989இல் சொன்னது. அதற்கான சட்டம் வர 2014 ஆகிவிட்டது. அந்தச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் ஒரு வரி இருக்கிறது. ஐம்பது வருஷத்துக்கு மேலாகத் தெருவோர வியாபாரிகள் வியாபாரம் செய்துவருகிற இயல்பான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தை என அறிவிக்க வேண்டும், அங்கிருப்பவர்களை வேறிடத்துக்கு மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். ஐம்பது வருஷம் என்பதை எதை வைத்து நிரூபிப்பது? வாடகை ரசீது இல்லை. வசூல் சீட்டு கிழிந்துபோச்சு. "எங்காத்தா காலத்துலேர்ந்து இங்கதான் கடை" என்கிற வாய்ச்சொல்லைக் கமிட்டி ஏற்குமா?

இந்த இடத்தில் புகைப்படம் கலை என்பதிலிருந்து சாட்சியமாக மாறுகிறது. நாளும் நேரமும் பதிந்த ஆயிரக்கணக்கான டிஜிட்டல் படங்கள் ஹார்ட் டிஸ்க்குகளில் கிடக்கின்றன. அதற்கு முந்தைய ஃபிலிம் நெகடிவ்கள் அட்டைப்பெட்டிகளில் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. யார், எந்த இடத்தில், எந்த வருஷம் சாக்கு விரித்திருந்தார் என்பதற்கு அவற்றைவிட நல்ல ஆவணம் இல்லை. ஆனால் எடுக்கப்பட்டவரிடம் ஒரு பிரதி கிடையாது. பின்னணியில் கடை எண்ணோ மணிக்கூண்டோ தெரிந்தால் 'டிஸ்டர்பிங்' என்று ஒதுக்கப்பட்டிருக்கும். கலைக்கு இடைஞ்சலானது எதுவோ அதுதான் சாட்சியத்துக்கு வேண்டியிருக்கிறது.

இது வெறும் கற்பனைச் சிக்கல் இல்லை. மொத்த வியாபாரத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோக மதுரை ரோட்டில் கள்ளிக்குடியில் சுமார் 77 கோடி ரூபாயில் கட்டிய மார்க்கெட் 2017இல் திறக்கப்பட்டது. வியாபாரிகள் போகவில்லை. 2020 மார்ச் இறுதியில் கொரோனாவைச் சொல்லிக் காந்தி மார்க்கெட் மூடப்பட்டது. மொத்த வியாபாரம் பொன்மலை ஜி-கார்னர் மைதானத்துக்குப் போனது. வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய், நவம்பர் இறுதியில்தான் மறுபடி திறந்தது. அந்த எட்டு மாதம் எடுத்த படங்களில் காந்தி மார்க்கெட் வெறிச்சோடிக் கிடக்கிறது. 1858இன் ட்ரைப் படம் மாதிரி: கட்டடம் இருக்கிறது, ஜனம் இல்லை. பஞ்சப்பூரில் புதுப் பேருந்து முனையம் 2025 மே மாதம் திறந்தாயிற்று, அந்தப் பக்கமே புது மொத்த மார்க்கெட் என்பது திட்டம். ஒவ்வொரு இடமாற்றத்திலும் கடை எண் உள்ளவருக்கு ஒரு எண் கிடைக்கும். தரைக்கடைக்கு எண் கிடையாது. மார்க்கெட் மூடப்போகிறது என்று கேள்விப்பட்டதும் கேமராக்கள் கூட்டமாக வரும், 'மறைந்துவரும் திருச்சி' என்று ஆல்பம் போடும்.

மறைந்துவரவில்லை, மறைக்கப்படுகிறது. வினைச்சொல்லில் இருக்கிற இந்த வித்தியாசம் படத்துக்குக் கீழே எழுதப்படுகிற தலைப்பில் வர வேண்டும்.

"அப்ப எதுக்கு?" என்ற கேள்விக்கு என்னால் சொல்ல முடிகிற பதில் சின்னது. எடுத்த படத்தை அடுத்த வாரம் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பது. பின்பக்கத்தில் பெயர், இடம், தேதி எழுதுவது, அவர் சம்மதித்தால். போஸ் கொடுத்த படத்தை அழிக்காமல் வைத்திருப்பது. பழைய நெகடிவ் வைத்திருக்கிறவர்கள் அவற்றை வியாபாரிகள் சங்கத்தின் முன் விரித்து, யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்வது. ஒளிந்து எடுத்தே ஆக வேண்டும் என்று கை பரபரத்தால் சாலமனின் தொப்பியை ஞாபகம் வைத்துக்கொண்டு, டெண்டர் திறக்கிற அறைக்கும் மண்டிக் கணக்கு மேசைக்கும் போகலாம்.

பிரெஸ்ஸான் தன் புத்தகத்துக்குத் தரைக்கடைக்காரரின் ஓட்டத்தைக் கடன் வாங்கினார். எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தண்டல் கணக்கில் பார்த்தால் வட்டியே எவ்வளவோ ஏறியிருக்கும்.